குடத்துக்கு ஒரு புள்ளடி

2024 மே மாதக் கடைசியில் ஐக்கிய தேசியக் கட்சியின் பொதுச் செயலாளர் ஒரு யோசனையை வெளியிட்டார். ஜனாதிபதியின் பதவிக்காலத்தையும் பாராளுமன்றத்தின் காலத்தையும் இரண்டு வருடம் நீடிக்கலாம். அதற்கு ஒரு சர்வசன வாக்கெடுப்பு வைத்தால் போதும். எதிர்க்கட்சிகள் ஏசின, சொந்தக் கட்சிக்குள்ளேயே பலர் நெளிந்தார்கள், யோசனை ஒரு கிழமைகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. செப்டெம்பர் 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல் நடந்து முடிந்தது. ஆனால் அந்தச் சில நாட்களும் என் வயதுக்காரர்கள் சந்தித்த இடமெல்லாம், சந்தையிலும் செத்தவீட்டிலும், ஒருவரையொருவர் பார்த்துக் கேட்டது ஒரே கேள்வியைத்தான்: “விளக்கோ, குடமோ?” கேட்டுவிட்டுச் சிரித்தோம். பக்கத்தில் நின்ற இளசுகளுக்கு என்ன பகிடி என்று விளங்கவில்லை.

விளங்காததில் வியப்பில்லை. 1982 டிசம்பர் 22, புதன்கிழமை. இலங்கை இதுவரை நடத்திய ஒரே சர்வசன வாக்கெடுப்பு அது. விளக்கு என்றால் ஆம், குடம் என்றால் இல்லை. தெற்கில் அதை ‘லாம்பு, களகெடி விளையாட்டு’ என்று இன்றும் ஏளனமாகச் சொல்வார்கள். நான் குடத்துக்குப் புள்ளடி போட்டேன். இதில் வீரம் ஒன்றுமில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்களில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோர் குடத்துக்குத்தான் போட்டார்கள். ஊரோடு ஒத்த புள்ளடி. அதன் பிறகு எத்தனையோ தேர்தல்களில் வாக்களித்திருக்கிறேன், சிலவற்றில் வேண்டுமென்றே போகாமலும் இருந்திருக்கிறேன். அவற்றில் யாருக்குப் போட்டேன் என்பதே பல இடங்களில் மறந்துபோனது. இந்த ஒரு புள்ளடி மட்டும் தீர்ந்துபோகாமல் கிடக்கிறது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1977 ஜூலைத் தேர்தலில் ஜே.ஆர். ஜயவர்தனாவின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 168 ஆசனங்களில் 140 கிடைத்தது. ஆறில் ஐந்து பங்கு. பழைய தொகுதி முறையின் கைங்கரியம் அது. வாக்குகளில் பாதியை ஒட்டி எடுத்தவருக்குச் சபை முழுவதும் கிடைத்துவிடும். அடுத்த வருடமே புதிய அரசியலமைப்பு, நிறைவேற்று ஜனாதிபதி, விகிதாசாரத் தேர்தல் எல்லாவற்றையும் அவரே கொண்டுவந்தார். 1982இல் அரசியலமைப்பைத் திருத்தி ஜனாதிபதித் தேர்தலை முன்கூட்டியே வைத்தார். எதிர்த்து நின்றிருக்கக்கூடிய சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமை இரண்டு வருடத்துக்கு முன்பே பறிக்கப்பட்டிருந்தது. ஒக்டோபர் 20ஆம் திகதி ஜே.ஆர். 52.91 சதவீதத்தால் வென்றார். வென்ற கையோடுதான் கணக்குப் பார்த்திருக்க வேண்டும். அதே வாக்கு பொதுத்தேர்தலில் விழுந்தால், தான் கொண்டுவந்த விகிதாசார முறையின்படியே, அரைவாசிக்கு மேலான ஆசனங்கள்தான் வரும். மூன்றில் இரண்டு போய்விடும். தேர்தல் வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிடலாம் என்ற அவருடைய பழைய பேச்சு அப்போது எல்லார் வாயிலும் இருந்தது. சுருட்டுவதற்கு வழி கண்டுபிடித்தார்: பாராளுமன்றத் தேர்தலையே வைக்காமல், இருக்கிற பாராளுமன்றத்தை 1983 ஆகஸ்டிலிருந்து 1989 ஆகஸ்ட் வரை நீடிக்க மக்களிடம் சம்மதம் கேட்பது.

சொன்ன காரணம் ஒரு சதி. சிறிமாவோவின் சுதந்திரக் கட்சிக்குள் நக்சலைட்டுகள் புகுந்து தன்னையும் இன்னும் பலரையும் கொல்லத் திட்டமிட்டார்கள் என்றார். நடிகர் விஜய குமாரதுங்க உட்படச் சிலரைப் பிடித்து உள்ளே போட்டார்கள், ஒன்றும் நிரூபிக்கப்படவில்லை. தன் கட்சி உறுப்பினர்களிடம் திகதியிடாத இராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். உயர் நீதிமன்றத்தில் ஏழு நீதியரசர்கள் இருந்து, மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் சர்வசன வாக்கெடுப்பும் இருந்தால் இதைச் செய்யலாம் என்றார்கள். நான்கு பேர் அந்தப் பக்கம், மூன்று பேர் இந்தப் பக்கம். நாடு முழுவதும் அவசரகாலச் சட்டத்தின் கீழ் இருக்கும்போதே வாக்கெடுப்பு நடந்தது. கம்யூனிஸ்ட் கட்சியின் ‘அத்த’ பத்திரிகை பூட்டப்பட்டிருந்தது.

இதையெல்லாம் அறிந்து, ஆராய்ந்து, ஜனநாயகத்தைக் காப்பாற்ற நான் குடத்துக்குப் போட்டேன் என்று சொல்ல ஆசைதான். எங்கள் வீட்டில் கதை வேறு மாதிரி இருந்தது.

ஐயா தோட்டக்காரர். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயம், மிளகாய், போகத்துக்குப் போகம் புகையிலை. எழுபதுகளின் முதற்பாதியில் சிறிமாவோ அரசு வெங்காயம், மிளகாய் இறக்குமதியை நிறுத்தியபோது தெற்கில் சனம் பாணுக்கு வரிசையில் நின்றது. எங்கள் ஊரில் கல்வீடு எழும்பியது. துலா மிதித்து இறைத்த கிணற்றுக்குத் தண்ணி இறைக்கிற மிசின் வந்தது. அக்காவின் கலியாணம் ஒரு போக மிளகாயில் நடந்தது என்று அம்மா சொல்வார். 1977க்குப் பிறகு கதவு திறந்தது. பம்பாய் வெங்காயமும் வெளிநாட்டுச் செத்தல் மிளகாயும் வந்து இறங்க, எங்கள் வெங்காயம் பிடியாய்க் கட்டிய கட்டு அவிழாமல் கொட்டிலில் தொங்கியது. ஐயா ஒவ்வொரு பிடியாகத் தட்டிப் பார்ப்பார். அழுகல் மணம் வந்ததைக் கழற்றி வேலிக்கு வெளியே எறிவார். எறியும்போது ஜே.ஆரின் பெயரைச் சொல்லித்தான் எறிவார்.

ஆகையால் ஒக்டோபர் தேர்தலில் அவர் சுதந்திரக் கட்சியின் ஹெக்டர் கொப்பேகடுவவுக்குப் போட்டார். அவர் மட்டுமல்ல, யாழ்ப்பாண மாவட்டத்தில் போட்ட வாக்குகளில் மூன்றிலொன்றுக்கு மேல் கொப்பேகடுவவுக்கு விழுந்தது. குமார் பொன்னம்பலம் முதலாவது, கொப்பேகடுவ இரண்டாவது, நாட்டையே வென்ற ஜே.ஆர். மூன்றாவது. சிங்களக் கட்சியொன்றுக்கு யாழ்ப்பாணத்தில் அவ்வளவு வாக்கு என்பதைப் பிறகு வந்த சந்ததி நம்பாது. தமிழர் விடுதலைக் கூட்டணி வேட்பாளரை நிறுத்தவில்லை. இது எங்கள் தேர்தல் அல்ல என்ற நிலைப்பாடு. எனக்கு அந்த நிலைப்பாடு சரியாகப் பட்டது, நான் போகவில்லை.

எனக்குச் சுதந்திரக் கட்சியைக் கண்ணில் காட்டக்கூடாது. தரப்படுத்தல் கொண்டுவந்தவர்கள் அவர்கள். எனக்கு முந்திய செட்டில் கெட்டிக்காரப் பெடியன்கள் நல்ல புள்ளி எடுத்தும் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போக முடியாமல் வாசிகசாலைத் திண்ணையில் இருந்து அரசியல் பேசத் தொடங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தவர்களில் சிலர் பிறகு வாசிகசாலைக்கு வரவில்லை. ஐயாவுக்கோ அது பெரிய விஷயமாகப் படவில்லை. “நீ கம்பஸ் போட்டாய்தானே? வெங்காயம்தான் போகேல்லை” என்பார். இப்படியாக ஒரே கூரையின் கீழ் இருந்த இருவரில் ஒருவருக்கு எதிரி 1970இல் வந்த அரசாங்கம், மற்றவருக்கு 1977இல் வந்த அரசாங்கம்.

டிசம்பரில்தான் இருவரும் ஒரே சின்னத்துக்கு வந்து சேர்ந்தோம். பேராதனையிலிருந்து இரவு மெயிலில் வந்து இறங்கியிருந்தேன். திருவெம்பாவை தொடங்கியிருந்த நாட்கள். விடியப்புறம் சங்கும் சேமக்கலமும் ஊரைச் சுற்றிப் போகும். கோப்பி குடித்துக்கொண்டே ஐயா சொன்னது அப்படியே நினைவிருக்கிறது.

“விளக்கு வெண்டால் உங்கட கூட்டணிக்காரருக்கும் ஆறு வருசம் கதிரை கிடக்கும், பாத்தனியே? குடம் வெண்டால் திரும்ப வந்து எங்களட்டக் கேக்கோணும். கேக்கட்டும். அதுக்காகவே போடுறன்.”

அன்று அதைத் தோட்டக்காரரின் குத்தல் என்று எடுத்துக்கொண்டேன். இந்த விவகாரத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் பேசியதைத் திரும்ப வாசித்த பிறகு சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் வாக்குச்சீட்டில் இருந்த கேள்விக்கு உண்மையாக விடை சொன்னவர் அவர் ஒருவர்தான். அரசியலமைப்பின் நான்காவது திருத்தத்தை ஏற்கிறீரா என்பதே கேள்வி. வந்து கேட்காமல் இருக்க உங்களுக்கு அனுமதி இல்லை என்பது அவருடைய விடை.

நான் விடை சொன்னது வேறொரு கேள்விக்கு. 1981 மே 31ஆம் திகதி இரவு பொலிஸார் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தார்கள். 97 ஆயிரம் புத்தகம். ஜூன் 4ஆம் திகதி நடந்த மாவட்ட சபைத் தேர்தலுக்காகத் தெற்கிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களும் அமைச்சர்களும் அப்போது ஊருக்குள்தான் இருந்தார்கள். அந்தச் சாம்பல் மணம் போவதற்குள் என் கைக்கு வந்த முதல் வாக்குச்சீட்டு இது. மாவட்ட சபைத் தேர்தலில் என் பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லை. குடத்துக்கு நான் போட்டது நூலகத்துக்காக. பக்கத்து வீட்டுக்காரர் தன் மகனைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்துக்கொண்டு போனதற்காகப் போட்டார். இன்னும் பலர் 1977இல் கூட்டணிக்குக் கொடுத்த ஆணையை மறுபடி உறுதிப்படுத்துவதாக நினைத்துப் போட்டார்கள்; எங்களுக்கு 1975 காங்கேசன்துறை இடைத்தேர்தலிலிருந்தே எல்லாத் தேர்தலும் சர்வசன வாக்கெடுப்புத்தான். செல்வநாயகம் பதவியை உதறிவிட்டு நின்று வென்ற நாளிலிருந்து, ஆசனத்துக்கு ஆள் அனுப்புவதற்காக நாங்கள் வாக்களித்ததில்லை. ஏதோ ஒன்றைச் சொல்வதற்காகவே வாக்களித்தோம். கடைசியில் உண்மையாகவே ஒரு சர்வசன வாக்கெடுப்பு வந்தபோது அதில் கேட்டிருந்தது நாங்கள் பதில் வைத்திருந்த கேள்வி அல்ல.

வாக்களிப்பு நிலையம் ஊர்ப் பள்ளிக்கூடம். இரவு பெய்த மழையில் முற்றத்தில் வெள்ளம் நிற்க, வாங்குகளைப் போட்டு அதற்கு மேலால் நடக்க வழி செய்திருந்தார்கள். பெண்கள் ஒரு வரிசை, ஆண்கள் ஒரு வரிசை. விளக்குப் பக்கத்து முகவராக உள்ளே ஒருவர் இருந்தார். எங்கள் ஊர்க்காரர்தான், சங்கக் கடையில் முந்தி மனேச்சராக இருந்தவர். எந்த நெருக்குதலில் வந்து இருந்தாரோ. உள்ளே போன ஒவ்வொருவரும் “என்ன அண்ணை, சுகமே?” என்று அவரைக் கேட்டுவிட்டு, மட்டை மறைப்புக்குப் பின்னால் போய்க் குடத்துக்குப் போட்டுவிட்டு, திரும்பும்போது மறுபடி தலையாட்டிவிட்டு வந்தார்கள். அவரும் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினார். உத்தியோகத்தர் என் இலக்கத்தையும் பெயரையும் உரத்து வாசித்தார். விரலில் மை பூசினார்கள். மறைப்புக்குள் சணல் நூலில் கட்டிய பென்சில் முனை மழுங்கிப்போய்க் கிடந்தது. மேலே விளக்கு, கீழே குடம், எதிரே இரண்டு கூடு. நான் பென்சிலை அழுத்தியதில் தாள் சற்றுக் கிழிந்தது. வாக்கு பழுதாகிவிடுமோ என்று வெளியே வந்து ஐயாவிடம் கேட்டேன். “இரண்டு கூட்டிலயும் கிழிஞ்சாத்தான் பழுது” என்றார்.

முடிவு: விளக்கு 31 இலட்சத்து 41 ஆயிரத்து 223. குடம் 26 இலட்சத்து 5 ஆயிரத்து 983. சதவீதத்தில் 54.66க்கு 45.34. இந்த இலக்கங்களை ஒக்டோபருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். ஜனாதிபதியாகத் தனக்கு விழுந்த 34 இலட்சத்து 50 ஆயிரத்துச் சொச்சம் வாக்கை ஜே.ஆரால் விளக்குக்குக் கொண்டுவர முடியவில்லை. மூன்று இலட்சம் பேர் கழன்றுவிட்டார்கள். ஆனாலும் சதவீதம் கூடியது, ஏனென்றால் எதிர்ப் பக்கத்தில் அதைவிட அதிகம் பேர் வீட்டில் நின்றுவிட்டார்கள், அல்லது நிற்க வைக்கப்பட்டார்கள். ஒக்டோபரில் 81 சதவீதம் வாக்களித்த நாடு டிசம்பரில் 71 சதவீதத்துக்கு இறங்கியது.

நிற்க வைக்கப்பட்டார்கள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் வாக்களிப்பு அமைதியாக நடந்ததால் எல்லா இடமும் அப்படித்தான் என்று நினைத்தோம். தெற்கில், கம்பஹா போன்ற இடங்களில், எதிர்க்கட்சி முகவர்கள் விரட்டப்பட்டார்கள், கள்ள வாக்குக் கட்டுக்கட்டாக விழுந்தது. தேர்தல் ஆணையாளர் எழுதிய அறிக்கை 1987இல் வெளிவந்தபோது அதில் விளக்குச் சின்னத்தைச் சட்டவிரோதமாகக் காட்டியவர்களைப் பற்றியும் பொலிஸார் கையைக் கட்டிக்கொண்டு நின்றதைப் பற்றியும் அரச ஊழியருக்குரிய அடக்கத்தோடு சொல்லியிருந்தார். எனக்கு மறக்காதது இன்னொன்று. ‘பவிடி ஹண்ட’ என்று பௌத்த பிக்குகளும் கிறிஸ்தவக் குருமாரும் சேர்ந்த ஓர் அமைப்பு குடத்துக்கு வாக்குக் கேட்டுத் துண்டுப்பிரசுரம் அடித்தது. பொலிஸ் அத்தியட்சகர் ஒருவர் அவற்றைப் பறிமுதல் செய்தார். ஒரு தேரர் வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றம் 1983இல் அது அடிப்படை உரிமை மீறல் என்று தீர்ப்பளித்து நட்டஈடு கட்டச் சொன்னது. அரசாங்கம் நட்டஈட்டைத் தானே கட்டி அந்த அதிகாரிக்குப் பதவி உயர்வும் கொடுத்தது.

இதை நான் வாசித்தது பல வருடம் கழித்து. மஞ்சள் அங்கி போட்ட ஒருவர் எனக்கு முன்பின் தெரியாத ஊரில், எனக்குத் தெரியாத காரணத்துக்காக, நான் போட்ட அதே சின்னத்துக்காகப் பொலிஸோடு மல்லுக்கு நின்றிருக்கிறார். அவருடைய காரணம் நூலகம் அல்ல. என்னுடைய காரணம் பேச்சுரிமை அல்ல. இரண்டும் எண்ணும்போது ஒரே குவியலில் போய் விழுந்தன. நாட்டின் வடக்கும் தெற்கும் ஒரே சின்னத்துக்குப் பெருவாரியாகப் புள்ளடி போட்ட நாள் அது என்று, ஒற்றுமையைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் சில நண்பர்கள் உருகிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்த உருக்கம் வருவதில்லை. ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரியாமலே போட்டோம். குடத்துக்கு வாக்குக் கேட்டு எங்கள் ஊருக்குத் தெற்கிலிருந்து யாரும் வரவில்லை. எங்களில் யாரும் தெற்குக்குப் போகவுமில்லை. போதாததற்கு, குடத்தைத் தூக்கிய சுதந்திரக் கட்சிதான் 1972இல் தன் அரசியலமைப்பைக் கொண்டு தன் பாராளுமன்றத்துக்கு இரண்டு வருடத்தைக் கூட்டிக்கொண்டது. அப்போது யாரிடமும் கேட்கவில்லை. ஜே.ஆர். கேட்கவாவது செய்தார் என்று அவருடைய ஆட்கள் வாதாடியதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது.

ஐந்து மாதம் போகவில்லை. 1983 மே 18ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல். ஆயுதம் எடுத்த பெடியள் பகிஷ்கரிக்கச் சொன்னார்கள். டிசம்பரில் வெள்ளத்துக்கு மேலால் வாங்கு போட்டு நடந்து போய் வாக்களித்த அதே சனம், அதே பள்ளிக்கூடத்துக்கு அன்று எட்டியும் பார்க்கவில்லை. அன்றிரவு கந்தர்மடத்தில் இராணுவம் வீடுகளை எரித்தது. தெற்கில் அதே நாளில், விளக்கு தோற்ற இடங்களில் பதினெட்டுத் தொகுதிகளுக்கு இடைத்தேர்தல் வைத்து ஜே.ஆர். தன் ஆட்களைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். பிறகு ஜூலை. அதைப் பற்றி இங்கே நான் எழுதப் போவதில்லை. ஆகஸ்ட் முதல் வாரத்தில், நீடிக்கப்பட்ட காலத்தின் தொடக்கத்திலேயே, அந்தப் பாராளுமன்றம் செய்த பெரிய காரியம் ஆறாம் திருத்தம். பிரிவினை கேட்கமாட்டோம் என்று சத்தியம் செய்ய மறுத்த எங்கள் உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். ஆறு வருடம் கதிரை கிடக்கும் என்று ஐயா சொன்னார். கதிரை கிடந்தது, ஆள்தான் இல்லை.

குடம் வென்றிருந்தால் ஆடிக் கலவரமே வந்திராது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்த கட்சி இன்னும் கொஞ்ச ஆசனத்தோடு எதிரே உட்கார்ந்திருந்தால் என்ன மாறியிருக்கும்? ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளலாம். 1982 ஜனாதிபதித் தேர்தலில் ஜே.வி.பி.யின் ரோகண விஜேவீரவுக்குக் கிடைத்த நான்கு சதவீதம் விகிதாசாரத்தில் ஓரிரு ஆசனங்களாவது ஆகியிருக்கக்கூடும். பாராளுமன்றத்துக்குள் இருந்து கத்திக்கொண்டிருக்கக்கூடிய ஓர் இயக்கம், கலவரத்தைக் காரணம் காட்டித் தடைசெய்யப்பட்டு, எண்பதுகளின் கடைசியில் திரும்ப வந்த விதம் தெற்கின் ஆறுகளுக்குத் தெரியும்.

பேராதனையில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன் அட்டன்காரன், லயத்தில் பிறந்தவன். அவன் விளக்குக்குப் போட்டான். மறைக்கவுமில்லை. தொண்டமான் அமைச்சரவையில் இருந்தார், அவருடைய தொழிலாளர் காங்கிரஸ் விளக்கு என்றது, மலையகம் விளக்குக்கே போட்டது. விடுமுறை முடிந்து அறைக்குத் திரும்பியதும் நாங்கள் பிடித்த சண்டையில் பக்கத்து அறைக்காரர்கள் கதவைத் தட்டினார்கள். தமிழனாக இருந்துகொண்டு என்று நான் தொடங்கியதும் அவன் சொன்னான்: “எங்க அப்பாவுக்கு ஓட்டே இல்லடா. முப்பத்தி நாலு வருஷமா இல்ல. அது தெரியுமா ஒனக்கு?” தெரியும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் பாடப்புத்தகத்தில் இருந்தது. ஆனால் குடமா விளக்கா என்று யோசித்தபோது அது எனக்கு ஒரு காரணமாகத் தோன்றியதேயில்லை.

1988இல் நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் வந்தது, சத்தியக் கடதாசி ஒன்று கொடுத்தாலே போதும் என்று. அவனுடைய அப்பாவுக்கும் கிடைத்தது. அதை நிறைவேற்றியது அதே பாராளுமன்றம், கலைவதற்குச் சில கிழமை முன்பு. அண்மையில் தொலைபேசியில் பேசும்போது இதை அவனே நினைவூட்டினான், வெற்றியாகச் சொல்லாமல், கணக்கு ஒப்படைக்கிற மாதிரி. 83 ஜூலையில் அவனுடைய மாமாவின் கடை எரிந்ததையும் அதே மூச்சில் சொன்னான். விளக்குக்குப் போட்டதற்கு அதையும் சேர்த்துத்தானே எழுத வேண்டும் என்றான்.

நான் என் பக்கத்துக் கணக்கைச் சொல்லவில்லை. அது இன்னும் சிக்கலானது. இன்றைக்கு மாகாண சபை என்று எங்கள் கையில் எஞ்சியிருப்பது 1987 நவம்பரில் வந்த பதின்மூன்றாம் திருத்தம். அதற்கு மூன்றில் இரண்டு வேண்டும். சுதந்திரக் கட்சி வீதியில் இறங்கி எதிர்த்தது. 1982 டிசம்பர் 22ஆம் திகதி நான் ஒழிக்க நினைத்த அந்தப் பெரும்பான்மை இருந்ததால்தான் அது நிறைவேறியது. குடம் வென்றிருந்தால் ஆறாம் திருத்தம் அவ்வளவு இலகுவில் வந்திராது, பதின்மூன்றும் வந்திராது. பதின்மூன்றுக்கும் சர்வசன வாக்கெடுப்பு வேண்டுமா என்று உயர் நீதிமன்றம் பார்த்தது. பிரதம நீதியரசர் எஸ். சர்வானந்தா, தமிழர். ஒன்பது பேரில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வேண்டாம் என்று முடிந்தது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் அதைக் கேட்டுப் பெருமூச்சு விட்டோம். நாட்டைக் கேட்டிருந்தால் நாடு என்ன சொல்லியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

பெருமூச்சு விட்டது அந்த ஒரு தடவை மட்டுமல்ல. இந்திய இலங்கை ஒப்பந்தப்படி வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக இணையும். 1988 டிசம்பர் 31க்கு முன் கிழக்கு மக்களிடம் சர்வசன வாக்கெடுப்பு நடத்தி, இணைந்திருக்க விருப்பமா என்று கேட்க வேண்டும். அது நடக்கவேயில்லை. பிரேமதாச தள்ளிவைத்தார், சந்திரிகா தள்ளிவைத்தார். வர்த்தமானியில் ஒரு அறிவித்தல் வரும், புதிய திகதி ஒன்று இருக்கும், அந்தத் திகதி நெருங்கும்போது இன்னொரு அறிவித்தல் வரும். தேர்தலை வைக்காமல் இருக்க வாக்கெடுப்பு வைத்தவரை எதிர்த்த நாங்கள், வாக்கெடுப்பை வைக்காமல் இருப்பவர்களை ஒருநாளும் எதிர்க்கவில்லை. எங்கள் பத்திரிகைகள் அந்த அறிவித்தல்களை உள்பக்கத்தில் சின்னதாகப் போட்டன. 2009, 2010இல் புலம்பெயர்ந்த நாடுகளில் எங்கள் ஆட்கள் தமிழீழம் வேண்டுமா என்று தாங்களே வாக்கெடுப்பு நடத்திப் பெரும்பாலும் 99 சதவீதத்துக்கு மேல் ஆம் என்றபோது அதை முதற்பக்கத்தில் போட்டோம். விடை முன்கூட்டியே தெரிந்த இடத்தில் மட்டும் கேள்வி கேட்கும் பழக்கம் ஜே.ஆருக்கு மட்டும் இருந்ததல்ல.

2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்புச் செல்லாது என்றது. 2007 ஜனவரி 1இல் கிழக்கு தனியாகியது. அப்போதும் அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை.

சம்மாந்துறையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் எனக்கு நண்பர். முஸ்லிம். கொழும்பில் பாடநூல் வேலை ஒன்றில் சேர்ந்து இருந்தபோது பழக்கம். அவரும் 1982இல் முதன்முதலாக வாக்களித்தவர், எதற்குப் போட்டார் என்று சொல்லமாட்டார், சிரிப்பார். ஒருமுறை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இணைப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியதற்குப் பிறகு அவரோடு இந்தப் பேச்சை எடுக்கவே எனக்குக் கூச்சம். அவர்தான் எடுத்தார்.

“எங்களுக்கிட்டக் கேட்டிருந்தா நாங்க வேணாமெண்டுதான் செல்லியிருப்பம். உங்களுக்கும் அது தெரியும். தெரிஞ்சபடியாத்தான் கேக்கல்ல.”

தெரியும் என்றேன்.

வடக்கும் கிழக்கும் சேர்ந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்தில்லை. கிழக்கு மக்களிடம், அவரிடமும் சேர்த்து, கேட்காமல் அதைச் செய்யக்கூடாது என்பதிலும் இல்லை. கேட்டால் முதலாவது நடக்காது. அவரிடம் இதை இப்படியே சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, எத்தனை மாவட்டமாகப் பிரித்து எண்ணுவார்கள், அம்பாறையைத் தனியாக எண்ணினால் என்ன வரும், மட்டக்களப்பில் என்ன வரும் என்று கடதாசி எடுத்துக் கணக்குப் போடத் தொடங்கினார். நானும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.